ஸ்கூட்டரை எங்க விடப் போற, தங்கச்சி?

வண்டி கைக்கு வந்ததும் எல்லாரும் மைலேஜ் எவ்வளவுன்னு கேப்பாங்க. ஹெல்மெட் வாங்கிட்டியான்னு கேப்பாங்க. சக்கரத்துல எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினியான்னு அத்தை கேப்பாங்க. போற இடத்துல வண்டியை எங்க விடுவேன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சைடு வீல் வண்டி ஓட்டுற நமக்கு முதல் கேள்வியே அதுதான்.

கலெக்டர் ஆபீஸ்ல வரிசையில நின்னு வாங்கின இணைப்புச் சக்கர ஸ்கூட்டரோ, ஷோரூம்ல வாங்கிப் பட்டறையில வீல் மாட்டினதோ, ரெண்டுக்கும் அகலம் ஏறக்குறைய நாலடி. சாதா ஸ்கூட்டர் மாதிரி ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலை ஒடிச்சு, ரெண்டு பைக்குக்கு நடுவுல சொருக முடியாது. நீ உள்ள போயி ஒரு கையெழுத்து போட்டுட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு பைக்கை ஒட்டி நிறுத்திட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் காலிப்பர் போட்ட காலோட அந்தச் சந்துல நுழைஞ்சு சீட்டுல ஏறவே முடியாது. ஸ்டாண்டுப் பையன் நல்ல எண்ணத்துல இழுத்து ஓரமா வச்சா சைடு வீல் பிடிமானம் வளையும். தூரமா வச்சா, ஊன்றுகோலோட அந்தத் தூரம் முழுக்க நடக்கணும். எனக்கு இடது கால் போலியோ. இந்த மூணும் எனக்கு அத்துப்படி. அதனால ஓட்டக் கத்துக்கறதோட நிறுத்திக்காம, விடக் கத்துக்கோ.

கட்டடத்துல இருக்கிற உரிமை

லண்டன்ல இருக்கிற மாமா, சிங்கப்பூர்ல இருக்கிற சித்தி யாராவது வந்தா "உனக்கு பார்க்கிங் கார்டு குடுக்கலையா?"ன்னு ஒரு கேள்வி வரும். இங்கிலாந்துல 1971-லேருந்து அப்படி ஒரு கார்டு இருக்கு. மொதல்ல ஆரஞ்சு நிறம், 2000-லேருந்து நீலம். அதை வண்டிக்குக் குடுக்கறதில்ல, ஆளுக்குக் குடுக்கறாங்க. யாரோட கார்ல போனாலும் கண்ணாடிக்குப் பின்னாடி வச்சுக்கலாம். சிங்கப்பூர்ல மாற்றுத்திறனாளி தானே ஓட்டினா ஒரு வகை லேபிள், வீட்டுல யாராவது கூட்டிட்டு வந்தா இன்னொரு வகை. ரெண்டாவது வகைக்கு ஒதுக்கின இடத்துல ஒரு மணி நேரம்தான் அனுமதி.

நம்ம நாட்டுல நாடு முழுக்கச் செல்லுற அப்படி ஒரு பார்க்கிங் கார்டு கிடையாது. யாராவது "ஆல் இந்தியா பார்க்கிங் பாஸ் எடுத்துத் தர்றேன், இவ்வளவு குடு"ன்னு வந்தா வாசலோட அனுப்பிடு. நம்ம உரிமை வண்டியில ஒட்டலை, கட்டடத்துல ஒட்டியிருக்கு. இதை ஒரு தடவை மண்டையில ஏத்திக்கிட்டா யார்கிட்ட கேக்கணும், யார்கிட்ட சண்டை போடக் கூடாதுன்னு தானா விளங்கிடும். டிராஃபிக் போலீஸ்காரர்கிட்ட "எனக்கு இடம் குடுங்க"ன்னு நின்னா அவர் கையை விரிப்பார். கட்டடத்துக்காரர், கல்யாண மண்டபத்து மேனேஜர், வங்கிக் கிளை மேலாளர், நகராட்சி ஆணையர், இவங்கதான் பதில் சொல்ல வேண்டியவங்க.

சட்டத்தோட பேர் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதுல "பொதுக் கட்டடம்"னா என்னன்னு சொல்லியிருக்கறதை நீ மனப்பாடமே பண்ணலாம். அரசாங்கத்துதுன்னு மட்டும் இல்ல. பொதுமக்கள் வந்து போற தனியார் கட்டடமும் அதுல சேர்த்தி. பள்ளிக்கூடம், வேலை பாக்கிற இடம், கடை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, வழிபாட்டுத் தலம்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. ஆக "இது பிரைவேட் இடம்மா, அந்தச் சட்டமெல்லாம் கவர்மெண்டுக்கு"ன்னு ஜவுளிக்கடை செக்யூரிட்டி சொன்னா அது செல்லாது.

44-ஆவது பிரிவு புதுக் கட்டடத்துக்கு. வரைபடத்துல மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் இல்லேன்னா கட்ட அனுமதியே குடுக்கக் கூடாது, கட்டி முடிச்சப்புறம் பணி நிறைவுச் சான்றும் குடுக்கக் கூடாது. 45-ஆவது பிரிவு பழைய கட்டடத்துக்கு. விதிகள் வந்த நாள்லேருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்தியாகணும். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022-லேயே முடிஞ்சு போச்சு. 41-ஆவது பிரிவுல பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையத்துல வண்டி நிறுத்துற இடம் நமக்கேத்த மாதிரி இருக்கணும்னு தனியாவே எழுதியிருக்காங்க.

அப்புறம் ஏன் எங்க போனாலும் இடம் இல்லேன்னு கேப்ப. ராஜீவ் ரதூரினு பார்வைக் குறைபாடு உள்ள ஒருத்தர் 2005-லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு இழுத்து இழுத்து, 2024 நவம்பர் 8-ஆம் தேதி ஒரு முக்கியமான தீர்ப்பு வந்துச்சு. தலைமை நீதிபதி சந்திரசூட் ஓய்வு பெறுறதுக்கு முந்தின கடைசி வேலை நாள் அது. சட்டம் "கட்டாயம்"னு சொல்லுது, ஆனா 2017 விதிகள்ல 15-ஆவது விதி வெறும் வழிகாட்டு நெறிகளைக் கைகாட்டி விட்டுடுது, செஞ்சா செய், செய்யாட்டி போன்னு ஆயிடுச்சு, இது சட்டத்துக்கே முரண்னு அந்த விதியை ரத்து பண்ணிட்டாங்க. இதைத்தான் செஞ்சாகணும்னு குறைஞ்சபட்சக் கட்டாய விதிகளை மூணு மாசத்துல கொண்டு வாங்கன்னு மத்திய அரசுக்கு உத்தரவு. மனு எழுதும்போது இந்தத் தீர்ப்போட பேரையும் தேதியையும் ஒரு வரி சேர்த்துடு. படிக்கிற அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவார்.

பன்னிரண்டு அடி, நூறு அடி

ரெண்டே அளவு ஞாபகம் வச்சுக்கோ. தேசியக் கட்டட நெறித்தொகுப்புல சொல்லியிருக்கற கணக்கு இது. வாசலுக்குப் பக்கத்துல குறைஞ்சது ரெண்டு கார் நிக்கிற இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. வாசல்லேருந்து அது 30 மீட்டருக்குள்ள இருக்கணும், அதாவது நூறடி. ஒவ்வொரு இடமும் 3.6 மீட்டர் அகலம், பன்னிரண்டு அடி. சக்கர நாற்காலிக்காரங்களுக்கு ஒதுக்கினதுன்னு கண்ணுல படுற மாதிரி பலகை. சாதா கார் நிக்கிற இடத்தை விட மூணு, நாலடி கூடுதலா எதுக்குன்னா, கார் கதவை முழுசா திறந்து, பக்கத்துல சக்கர நாற்காலியைப் போட்டு, ஆள் மாறி உக்கார. சில இடத்துல அந்தக் கூடுதல் இடத்துல குறுக்குக் கோடு போட்டு வச்சிருப்பாங்க. "காலியாத்தானே கிடக்கு"ன்னு அதுல ஒரு பைக்கை விட்டா மொத்த இடமும் வீண்.

இந்த அளவு காரை வச்சுப் போட்டது. டெல்டாவுல நம்ம ஆளுங்கள்ல கார் வச்சிருக்கறவங்க எத்தனை பேர்? திருவையாறு, பாபநாசம், மன்னார்குடி எந்தப் பக்கம் போனாலும் சைடு வீல் ஸ்கூட்டர்தான். அதனால இடம் கேக்கும்போது "மாற்றுத்திறனாளி பார்க்கிங்"னு பொதுவா கேக்காதே. அப்படிக் கேட்டா நீலத்துல ஒரு சக்கர நாற்காலி படத்தை வரைஞ்சு கடமையை முடிச்சிடுவாங்க, அதுல எவனாவது ஜீப்பை நிறுத்துவான். ரெண்டு கார் இடத்தைச் சேர்த்தா இருபத்து நாலடி. வண்டிக்கு நாலடி, ஏறி இறங்க மூணடினு வச்சா மூணு சைடு வீல் வண்டி தாராளமா நிக்கும். ஆனா கார்ல வர்றவங்களுக்கும் இடம் வேணும், அதனால "ஒரு இடம் காருக்கு, ஒரு இடத்தை இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்குக் கோடு போட்டுக் குடுங்க"ன்னு கேளு. கோடு எப்படி வரணும்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு குடுத்தா இன்னும் நல்லது. பெயிண்டர் சட்டம் படிக்க மாட்டார், படம் பார்ப்பார்.

அந்தச் சக்கர நாற்காலி படம் இருக்கே, 1968-ல சூசன் கோஃபோட்னு ஒரு டென்மார்க் மாணவி வரைஞ்சது. முதல்ல வெறும் நாற்காலிதான், தலை பின்னாடி யாரோ சேர்த்தது. நம்ம ஊர்ல சில பெயிண்டர் கை பட்டு அது கிரிக்கெட் மட்டை மாதிரி ஆகியிருக்கு, அது வேற கதை.

தரை எப்படி இருக்குன்னு பார்க்காம இடத்துக்கு மயங்கிடாதே. இது மத்த ஊர்க்காரங்களுக்குத் தெரியாத நம்ம ஊர்த் தொல்லை. களிமண் பூமி. சித்திரையில பாளம் பாளமா வெடிச்சுக் கல்லு மாதிரி இருக்கும், ஐப்பசி அடைமழையில ஒரு பக்க வீல் மட்டும் பொதுக்குனு இறங்கும். ஒரு பக்கம் இறங்கினா வண்டி சாய்ஞ்சுடும், நீ ஏற முடியாது, தள்ள ஆள் தேடணும். வாசலுக்கு அம்பதடி தூரத்துல சிமெண்ட் தளமும், பத்தடி தூரத்துல மண் தரையும் இருந்தா மழைக்காலத்துல அம்பதடியையே எடுத்துக்கோ. ஒதுக்குற இடம் கெட்டியா, மட்டமா, தண்ணி தேங்காம இருக்கணும்னு மனுவுல சேர்த்தே எழுது. இன்னொண்ணு, அறுவடை நாள்ல ரோட்டோரம் நெல்லு காயுமில்ல, அது மேல ஏத்தி நிறுத்தாதே. வீல் வழுக்கும். கூடவே அதைக் காயப் போட்ட பாட்டி வையும், அதுவும் நியாயம்தான்.

கையில என்ன இருக்கணும்

யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. நாடு முழுக்கச் செல்லும். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் கீழ இருந்தா வெள்ளை, 40-லேருந்து 80-க்குள்ள மஞ்சள், 80-ம் அதுக்கு மேலயும் நீலம். அசல் வீட்டுல இருக்கட்டும். போன்ல படம், பையில ஒரு ஜெராக்ஸ் போதும். இன்னும் எடுக்கலேன்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பிக்கலாம். "விழுதுகள்" சேவை மையம் பக்கத்துல இருந்தா அங்கயும் விசாரி.

ஆர்.சி.யைப் பாரு. பட்டறையில வீல் மாட்டிட்டு ஆர்.டி.ஓ. பக்கமே போகாதவங்க நிறைய. மோட்டார் வாகனச் சட்டத்துல நமக்கேத்த மாதிரி மாத்தின வண்டிக்குனு தனி வகை இருக்கு. 2019 திருத்தத்துல அதுக்கு "தகவமைக்கப்பட்ட வாகனம்"னு பேர் மாத்தினாங்க. ஆர்.சி.யில அந்த வகை ஏறியிருக்கணும், லைசென்ஸும் அந்த வகைக்கு இருக்கணும். விபத்துனு ஏதாவது வந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பாக்கிறது இதைத்தான். சாலை வரி விலக்கும் இதை வச்சுத்தான். பின்னால கார் வாங்கி மாத்தி ஓட்டுற யோகம் வந்தா, மாற்றுத்திறனாளிக்காக வடிவமைச்ச வண்டின்னு பதிவாகியிருந்தா தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில கட்டணம் கிடையாது.

வண்டிக்குப் பின்னாடி அந்த நீலப் படத்தை ஒட்டிக்கோ. அதுக்குச் சட்டப்படி மதிப்பு எதுவும் இல்ல, அட்டைதான் சான்று. ஆனா ஒட்டினா ரெண்டு பேர்ல ஒருத்தர் தள்ளி நிறுத்துவார். படத்துக்குக் கீழ தமிழ்ல "மூணடி தள்ளி நிறுத்துங்க"ன்னு எழுதி ஒட்டு. வெறும் படத்தைப் பார்த்தா பாவம்னுதான் தோணும், எவ்வளவு தள்ளி நிறுத்தணும்னு தோணாது.

இது கண்டிப்பா சொல்லணும். உன் அட்டையை அண்ணனோ கொழுந்தனோ "சும்மா காட்டிட்டு வர்றேன்"னு கேட்டா குடுக்காதே. நமக்குன்னு இருக்கிற சலுகையை ஏமாத்தி அனுபவிச்சா மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 91-ஆவது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். நீ பின் சீட்டுல இருந்தா அவங்க காரை நமக்கு ஒதுக்கின இடத்துல விடலாம், தப்பில்ல. நீ வீட்டுல இருக்கும்போது விடக் கூடாது.

இடத்துக்கு இடம்

பஸ் ஸ்டாண்டுல இருக்கிற வண்டி ஸ்டாண்டுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். ஏலத்துல எடுத்தவருக்கு ஒவ்வொரு அடியும் காசு. நீ எடுத்துக்கற இடத்துல மூணு பைக் நிக்கும்னு அவர் மனசுக்குள்ள கணக்கு ஓடும். அவர்கிட்ட கெஞ்சறதுல பிரயோஜனம் இல்ல, கோபிச்சும் பிரயோஜனம் இல்ல. இடத்துக்குச் சொந்தக்காரர் மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோதான். அடுத்த ஏலம் விடறதுக்கு முன்னாடி ஆணையருக்கு மனு குடு. ஏல நிபந்தனையில ரெண்டு வரி சேர்க்கச் சொல்லு: வாசல் பக்கம் இணைப்புச் சக்கர வண்டிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கணும், அவங்ககிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னு. இலவசம்ங்கறது நாடு முழுக்க எழுதி வச்ச சட்டம் இல்ல, உள்ளாட்சி மனசு வச்சாச் செய்யக் கூடியது, அதனால கேட்டுத்தான் வாங்கணும். நிபந்தனையில ஏறிட்டா அப்புறம் ஸ்டாண்டுக்காரரே "வாம்மா, உன் இடம் இருக்கு"ம்பார். தனியா போகாதே, அந்த ஸ்டாண்டுல வண்டி விடுற நாலஞ்சு பேர் கையெழுத்து வாங்கிட்டுப் போ.

ஆஸ்பத்திரின்னா, மெடிக்கல் காலேஜ் ஆகட்டும், மிராசுதார் ஆகட்டும், கும்பகோணம் ஆகட்டும், ஓ.பி. சீட்டு குடுக்கற நேரத்துக்கு முன்னாடியே போயிடு. போர்டிகோவுல விடாதே. ஆம்புலன்ஸ் வர்ற வழி, அதுல நமக்கும் விலக்கு இல்ல. வாசல் காவலர்கிட்ட பேரைக் கேட்டு வச்சுக்கோ. "அண்ணே, இங்க விடறேன், பக்கத்துல யாரும் ஒட்டாமப் பார்த்துக்குங்க"ன்னு பேர் சொல்லிக் கேட்டா பாதி வேலை முடிஞ்சுது.

கல்யாண மண்டபத்துக்கு முதல் நாளே போன் பண்ணு. முகூர்த்த நாள்ல போயி நின்னுக்கிட்டுக் கேட்டா மேனேஜருக்குக் காது கேக்காது. கல்யாண வீட்டுக்காரங்க மூலமாச் சொல்லச் சொன்னா இன்னும் நல்லாக் கேக்கும், வாடகை குடுக்கறவங்க அவங்கதானே. முன் வாசல்ல வாழை மரம், பேனர், ஜெனரேட்டர்னு அடைச்சிருந்தா சாப்பாட்டுக் கூடத்துப் பக்கத்து வாசலைக் கேளு. அங்க மளிகை வண்டி வர்றதால சாய்தளமா இருக்கறது உண்டு.

கோயில்னா, தேர் ஓடுற வீதியில திருவிழா அன்னிக்கு யாருக்கும் இடம் இல்ல, அதுக்குக் கோவிச்சுக்காதே. தை மாசம் திருவையாறு ஆராதனைக்குப் போறதுன்னா தடுப்பு எங்க போடப் போறாங்கன்னு ரெண்டு நாள் முன்னாடியே ஸ்டேஷன்ல கேட்டுக்கோ. பெரிய காரியம் ஒண்ணு பின்னால வருது. 2016-க்கு அப்புறம் அடுத்த மகாமகம் 2028-ல. கும்பகோணத்துக்குள்ள எந்தப் பக்கம் வண்டி விடலாம், எந்தப் பக்கம் கூடாதுன்னு திட்டம் போடறது கூட்டம் வந்தப்புறம் இல்ல, ரொம்ப முன்னாடியே. வரைபடம் முடிவானப்புறம் போனா "அடுத்த மகாமகத்துக்குப் பாக்கலாம்"பாங்க. இப்பவே ஒரு மனுவைப் போட்டு வை.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நீயே போக வேண்டி வந்தா வண்டியை லாரி திரும்புற பக்கம் விடாதே. டிரைவர் பின்னாடி எடுக்கும்போது தாழ்வான வண்டி கண்ணாடியில தெரியாது.

வேலை பாக்கிற இடம் வேற கணக்கு. அரசு ஆபீஸ்னா மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 20-ஆவது பிரிவு உன் பக்கம் நிக்குது. ஊழியருக்குத் தேவையான ஏற்பாட்டையும் தடையில்லாத சூழலையும் நிர்வாகம் செஞ்சு குடுக்கணும். வாசல் பக்கம், முடிஞ்சா கூரை போட்ட இடமா எழுதிக் கேளு. பங்குனி, சித்திரை வெயில்ல நாள் முழுக்க நின்ன வண்டியோட சீட்டுலயும் சைடு வீல் கம்பியிலயும் கை வைக்க முடியாதுன்னு காரணத்தையும் எழுது. செய்யலேன்னா ஒவ்வொரு அரசு அலுவலகத்துலயும் குறைதீர் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், அவர்கிட்ட குடுத்தா ரெண்டு வாரத்துக்குள்ள விசாரிக்கணும். அதுவும் சரியில்லேன்னா மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். தனியார் கம்பெனியும் சம வாய்ப்புக் கொள்கைனு ஒண்ணை எழுதி வெளியிடணும். அதைக் காட்டச் சொல்லு. பல பேர் அன்னிக்குத்தான் தேடுவாங்க.

இடத்தை மறிச்சிருந்தா

சத்தம் போடறதுக்கு முன்னாடி போட்டோ எடு. நம்பர் பிளேட்டும், ஒதுக்கினதுக்கான பலகையோ கோடோ, ரெண்டும் ஒரே படத்துல வரணும். அப்புறம் உள்ள போயி மேனேஜரைக் கூப்பிடு. அந்தக் கார்க்காரரோட நீ பேசாதே, அவரை நகர்த்தறது கட்டடத்துக்காரரோட வேலை. "அஞ்சு நிமிஷம்மா, இதோ எடுத்துடறேன்"னு சொல்றவர் பெரும்பாலும் நல்லவர்தான். ஆனா அந்த அஞ்சு நிமிஷம் நீ வெயில்ல நிக்கற அஞ்சு நிமிஷம். அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லிடு.

ரோட்டோரத்துல, நிறுத்தக் கூடாத இடத்துல நிக்கற வண்டின்னா போலீஸுக்கு வேலை இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவுல முதல் தடவை 500 ரூபாய், மறுபடி பண்ணினா 1,500 ரூபாய். இழுத்துட்டுப் போகவும் அதிகாரம் இருக்கு. வளாகத்துக்குள்ளன்னா போலீஸ் "உள்ள நாங்க வர முடியாதும்மா"ம்பாங்க. அங்க தப்பு காரோடது மட்டும் இல்ல, பார்த்துக்கிட்டு இருந்த நிர்வாகத்தோடதும்தான். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையோ விதியையோ மீறினா 89-ஆவது பிரிவுல முதல் தடவை 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அடுத்தடுத்து மீறினா 50,000-லேருந்து 5 லட்சம் வரைக்கும். இந்தத் தொகையை வாயால சொல்லி மிரட்டாதே. காகிதத்துல பிரிவு எண்ணை மட்டும் எழுது, அவங்களே தேடிப் படிச்சுக்குவாங்க.

எழுதிக் கேக்கறது

எனக்குத் தெரிஞ்ச ஒரு வங்கிக் கிளையில வாசல் பக்கம் இருந்த இடத்தை மேலாளர் காருக்குன்னு சங்கிலி போட்டு வச்சிருந்தாங்க. வாயால கேட்டவங்களுக்கெல்லாம் "மேலிடத்துல சொல்றோம்"தான். ஒருத்தர் எழுதிக் குடுத்து, நகல்ல முத்திரை வாங்கினார். சங்கிலி போயிடுச்சு. எழுத்துல குடுத்தா அது யாரோ ஒருத்தரோட மேஜையில பதில் சொல்லாம உக்காந்திருக்கும், அதுதான் அவங்களுக்குப் பிடிக்காது.

இப்படி எழுது. நீட்டாதே:

"ஐயா, நான் ... சதவீதம் உடல் இயக்கக் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளி. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் தங்கள் அலுவலகத்துக்கு வந்து செல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 45-ன்படி பொதுக் கட்டடங்களில் செய்ய வேண்டிய வசதிகளின் கீழ், நுழைவாயிலில் இருந்து 30 மீட்டருக்குள், கெட்டியான சமதளத்தில் வாகனம் நிறுத்துமிடம் ஒதுக்கி, அறிவிப்புப் பலகை வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் 8.11.2024 அன்று அளித்த தீர்ப்பையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். இணைப்பு: அடையாள அட்டை நகல், புகைப்படங்கள், வரைபடம்."

ரெண்டு பிரதி. ஒண்ணைக் குடு, இன்னொண்ணுல தேதியோட முத்திரை வாங்கு. முத்திரை போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, போய்ச் சேர்ந்ததுக்கான சான்றை வச்சுக்கோ.

பதில் வரலேன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். மனு எண் போட்ட ரசீதைத் தொலைக்காதே. அங்கயும் நகரலேன்னா சென்னையில மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஆளைக் கூப்பிட, ஆவணத்தைக் கேக்க, ஒரு சிவில் கோர்ட்டுக்கு இருக்கிற அதிகாரம் அவருக்கும் இருக்கு. அவர் ஒரு பரிந்துரை குடுத்தா, என்ன செஞ்சோம்னு மூணு மாசத்துக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும். போன்லயே புகார் குடுக்கணும்னா மத்திய அரசோட சுகம்ய பாரத் செயலி இருக்கு, போட்டோவைப் போட்டு அனுப்பலாம். நான் காகிதத்தைத்தான் அதிகம் நம்பறேன்.

கொஞ்சம் கில்லாடியான வழி ஒண்ணு. கட்டடம் புதுசுன்னா அதுக்கு அனுமதி குடுத்த உள்ளாட்சியில தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். அனுமதிச்ச வரைபடத்துல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு எங்க வண்டி நிறுத்தக் காட்டியிருக்கு, அந்த நகலைக் குடுங்கன்னு கேளு. முப்பது நாளுக்குள்ள பதில் தரணும். வரைபடத்துல இடம் காட்டிட்டு, நேர்ல அங்க டீக்கடை வாடகைக்கு விட்டிருக்கறது கையும் களவுமா மாட்டும். அந்த நகலோட மேனேஜரைப் பார்க்கப் போனா நாற்காலி போட்டு உக்காரச் சொல்லுவார்.

முதல் மனுவை உன் ஆபீஸுக்கே எழுது, தினம் போற இடம் அதுதான். எழுதினதும் படம் பிடிச்சு எனக்கு வாட்ஸ்அப்ல போடு. தேதி, பிரிவு எண் ஏதாவது விட்டிருந்தா திருத்தித் தர்றேன், அப்புறம் கையெழுத்துப் போடலாம்.